பாசீர் கூடாங் வரை வந்த கிடங்கு



ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே இருக்கிறது பாசீர் கூடாங். 1977-இல் துறைமுகம் தொடங்கிய ஊர். பட்டம் பெறும் உங்களில் சிலர் அடுத்த மாதமே அங்கே வேலைக்குப் போகலாம். பாசீர் என்றால் மணல். கூடாங் என்றால் சரக்கு வைக்கும் இடம். அந்தக் கூடாங் வேறொன்றுமில்லை, நம் கிடங்குதான்.

பழந்தமிழில் கிடங்கு என்றால் கோட்டையைச் சூழ்ந்த அகழி. திண்டிவனம் பக்கத்தில் சங்ககால மன்னன் நல்லியக்கோடனின் ஊருக்கே கிடங்கில் என்று பெயர். பள்ளத்தைக் குறித்த சொல், பண்டம் சேர்த்து வைக்கும் இடத்துக்கும் ஆகி வந்தது. தெலுங்கிலும் இதற்கு உறவுச்சொல் உண்டு. கப்பலேறியது தமிழா தெலுங்கா என்று சண்டை போட வேண்டாம். சோழமண்டலக் கரை வணிகத்தில் இரண்டும் புழங்கின. மலாயில் அது கூடாங் ஆனது. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர் அதைத் தம் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயருக்குப் போய், சென்னைத் துறைமுகத்தில் குடோன் என்று இறங்கியது. திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் என்று இலங்கைப் பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அந்தக் குதமும் இந்தக் குடும்பம்தான்.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில், அதே சொல்லைத் தாங்கிய நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், அதில் பல கடைக்காரர்கள், ஆளுக்கு ஒரு பெட்டகம், ஒரு சாய்வுக் கணக்குப்பெட்டி. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து வட்டிக் கணக்கு எழுதுவார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு அங்கிருந்துதான் கடன் போனது. நம் 'முதல்' மலாயில் 'மோடால்' என்று இன்றும் வங்கிப் படிவங்களில் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டு, "பார், எல்லாம் தமிழ்!" என்று மார்தட்டிவிட்டுப் போனால் எனக்கு வருத்தம்தான். கொடுத்ததைப் போலவே நாம் வாங்கியும் இருக்கிறோம். பால்மரத்தை நம் தோட்டத்து மக்கள் ரப்பர் என்றா சொன்னார்கள்? மலாய் கெத்தாவைக் கித்தா ஆக்கினார்கள். கித்தா மரம், கித்தாக் காடு. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியோடு நிரை பிடித்தவர்களின் சொல் அது. அதைக் கொச்சை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடோனைப் பிழை என்று திருத்துவதற்கு முன்னும் அது வந்த வழியைக் கேட்டுப் பாருங்கள்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்தத் தோட்டத்துப் பேச்சு இன்று உங்கள் தாத்தா பாட்டிகளின் நாவில்தான் இருக்கிறது. பொறியாளராகுங்கள், கணக்காளராகுங்கள், ஆசிரியராகுங்கள். ஆனால் இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். உளிக்கும் வாளிக்கும் பால் கொட்டகைக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்களைக் கேட்டு, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். எழுதியதை உங்கள் தமிழ்த்துறைக்குக் கொடுங்கள்.