முன்னே வந்தவரும் பின்னே வந்தவரும்

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற நம் சங்கப் பொதுக்கூட்டத்தில், இரயில்வே எழுத்தரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் வாத்துருத்தித் தோழர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். "வடக்கேயிருந்து வருகிற வங்காளிகள் நம் கூலியைக் கெடுக்கிறார்கள், சங்கத்தின் உதவி தமிழருக்கு மட்டுமே என்று எழுதி வைக்க வேண்டும்" என்பது தீர்மானம். செயற்குழு அதை ஒத்திவைத்தது. இரு சாராரின் நிலையையும் நேரில் பார்த்து வந்து சொல்லும்படி எங்களைப் பணித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்துருத்தி, கலூர், பெரும்பாவூர் என்று நடந்தோம். பார்த்ததையும் படித்ததையும் உங்கள் முன் வைக்கிறோம். முடிவு உங்களுடையது.

எங்களுக்குப் பிழைப்பு டிக்கெட் ஜன்னலில். வரிசையில் நிற்பவனின் கதை, அவன் கேட்கிற டிக்கெட்டிலேயே பாதி தெரிந்துவிடும். நம் ஆள் தென்காசிக்கோ திண்டுக்கல்லுக்கோ கேட்பான். இரவு ஏறினால் காலையில் ஊர். அஸ்ஸாம்காரன் நீட்டுகிற காகிதத்தில் திப்ருகார் என்றோ குவஹாத்தி என்றோ எழுதியிருக்கும். 2011-இல் ஓடத் தொடங்கிய விவேக் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரிக்கும் திப்ருகாருக்கும் இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பயணம் மூன்று நாளைத் தாண்டும். நம் ஆள் தகப்பனார் இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்டால் கொள்ளி வைத்துவிட்டு நான்காம் நாள் வேலைக்குத் திரும்பலாம். அவனுக்குத் தகப்பன் முகம் பார்க்கக் கிடைக்காது. தோழர்களே, இரு சாராருக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்தத் தூரம்தான்.

ஏன் வந்தோம், ஏன் வந்தார்கள்?

1970-களில் கேரளத்து இளைஞர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். அங்கிருந்து வந்த பணம் இங்கே வீடாக எழுந்தது. வீடு கட்ட ஆள் வேண்டும். வானம் பார்த்த பூமியை விட்டுத் திண்டுக்கல், தேனி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நம் மக்கள் மலையிறங்கி வந்தார்கள். மண் வெட்டினோம், கல் சுமந்தோம், சாரம் கட்டினோம். மெய்க்காட்டு வேலை என்றாலே தமிழன் என்று பேராயிற்று.

அவர்கள் வந்த கதை வேறு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடுமையான தடை விதித்தது. வடகிழக்கில் பிளைவுட் ஆலைகள் மூடப்பட்டன. கைத்தொழில் தெரிந்த அஸ்ஸாம் தொழிலாளிகள் வேலை தேடி, பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்கு வந்தார்கள். அவர்கள் பின்னால் வங்காளம், ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம் என்று வண்டி வண்டியாக வந்தார்கள். 2013-இல் குலாத்தி நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் 25 இலட்சம் பேர் என்றும், அவர்கள் ஆண்டுதோறும் ஊருக்கு அனுப்பும் பணம் 17,500 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது.

நம்மை அனுப்பியது வறட்சி. அவர்களை அனுப்பியது மூடிய ஆலை, வெள்ளம் தின்ற நிலம், அரை வயிற்றுக் கூலி. இருவரையும் அழைத்தது ஒரே வாசல்.

கூலியும் குடியிருப்பும்

வாத்துருத்தித் தோழர்களின் குற்றச்சாட்டுக்கு வருவோம். அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டோம். "நீ வராவிட்டால் போ, நூறு ரூபாய் குறைத்துப் பாய் வருவான்" என்று மேஸ்திரி சொல்வதை நாங்களே காதால் கேட்டோம்.

ஆனால் கணக்கையும் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2021-22 புள்ளிவிவரப்படி, கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 837 ரூபாய், தமிழ்நாட்டில் 478, அகில இந்திய சராசரி 373. இத்தனை இலட்சம் பேர் வந்த பிறகும் கேரளத்துக் கூலிதான் நாட்டிலேயே முதலிடம். ஆள் பெருத்ததால் மட்டும் கூலி விழுந்துவிடும் என்றால் இந்தக் கணக்கு எப்படி வந்தது? கூலி காக்கப்பட்ட இடத்தில் சங்கம் இருக்கிறது. கூலி அறுக்கப்படும் இடத்தில் தனி ஆள் நிற்கிறான். அந்தத் தனி ஆள் தமிழனாகவும் இருக்கிறான், வங்காளியாகவும் இருக்கிறான்.

நம்மவர் குடும்பமாக வந்தோம். புருஷன் கொத்தனார், மனைவி சித்தாள், பிள்ளை பாட்டியோடு ஊரில். வாத்துருத்தியில் இரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒற்றை அறை வாடகை வீடுகளில் ஒரு தலைமுறை கழிந்தது. இன்றும் குழாயடியிலும் கழிப்பறை முன்னும் வரிசைதான். பலருக்கு ரேஷன் கார்டு ஊரில், ஓட்டு ஊரில், உழைப்பு மட்டும் இங்கே. ஊர் பக்கம் என்ற சௌகரியமே நம்மை இங்கே வேரூன்றவிடாமல் வைத்தது. "அடுத்த பொங்கலுக்குப் போய்விடுவோம்" என்று சொல்லியே தலை நரைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள்.

அவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். ஓர் அறையில் படுக்கை போக இடம் இராது. பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் இரவு வேலைக்காரன் படுக்கிறான். பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்கள் இப்போது கூடி வருகிறார்கள். 2017-இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் அவர்கள் பிள்ளைகளுக்காக ரோஷ்னி என்ற திட்டம் பினானிபுரம் அரசுப் பள்ளியில் தொடங்கியது. பெரியவர்களுக்கு மலையாளம் கற்பிக்கச் சங்ஙாதி திட்டம் அதே ஆண்டு பெரும்பாவூரில் வந்தது. கேரள அரசு 2010-இல் வெளிமாநிலத் தொழிலாளர் நலத்திட்டம் கொண்டுவந்தது. 2017-இல் ஆவாஸ் காப்பீடு. 2019-இல் கஞ்சிக்கோட்டில் அப்னா கர் விடுதி. நல்லது நடந்தால் நல்லது என்று சொல்ல வேண்டும். ஆனால் 25 இலட்சம் பேர் நடுவே ஒரு விடுதி எத்தனை பேரைத் தாங்கும்?

காகிதமும் பயமும்

வித்தியாசத்தில் மறுபாதி காகிதம். கேரளத்தில் தமிழ் சிறுபான்மை மொழியாக ஏற்கப்பட்டது. அரசுக்குத் தமிழில் மனு எழுத 1969 ஆட்சிமொழிச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. போலீஸ்காரர் நாலு வார்த்தை தமிழ் பேசுவார், சினிமாப் பாட்டும் பாடுவார். அவர்களுக்கு அது இல்லை.

அதைவிடப் பெரிது இன்னொன்று. 2019 ஆகஸ்ட் 31 அன்று அஸ்ஸாமில் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் வந்தது. 19 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் அதில் இல்லை. பாட்டன் பெயருக்குச் சான்று தேடி, வேலையை விட்டு, கடன் வாங்கி ஊருக்கு ஓடியவர்களுக்கு நாங்கள் டிக்கெட் கொடுத்தோம். வங்காள மொழி பேசினாலே "நீ எந்த நாடு?" என்ற கேள்வி அவர்கள் முன் நிற்கிறது.

தோழர்களே, தமிழனுக்கு இந்தக் கேள்வி புதிதா? 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத்தில் உழைத்த நம் இலட்சக்கணக்கான மக்களை ஒரே எழுத்தில் நாடற்றவராக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்தார்கள். அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் புனலூர் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார்கள். அந்த வலியைச் சுமந்த இனம், இன்னொருவனைப் பார்த்து "உன் காகிதம் எங்கே?" என்று கேட்கலாமா?

"அவர்கள் குற்றவாளிகள்" என்று ஒரு தோழர் சொன்னார். பெரும்பாவூரில் 2016-இலும் ஆலுவாவில் 2023-இலும் நடந்த கொடுமைகளை யாரும் மறைக்க முடியாது. தண்டிக்கப்பட்டவர்கள் வெளிமாநிலத்தார்தாம். ஆனால் 2011 பிப்ரவரியில், எர்ணாகுளத்திலிருந்து ஷொர்ணூர் போன பாசஞ்சர் வண்டியில் ஒரு பெண்ணின் உயிரைக் குடித்தவன் தமிழன். அப்போது பிளாட்பாரத்தில் நம் ஒவ்வொருவரையும் எப்படிப் பார்த்தார்கள்? சட்டையைக் கொடுத்துவிட்டு நாம் ஓடி ஒளிந்தோமா? ஒருவன் செய்த பாவத்துக்கு ஒரு கூட்டத்தைச் சிலுவையில் அறையாதீர்கள் என்று அன்று கேட்டோம். இன்று அவர்களுக்காக அதையே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். முல்லைப்பெரியாறு விவகாரத்தில், 2011 டிசம்பரில், இடுக்கியிலிருந்து உயிருக்குப் பயந்து குமுளி வழி ஓடிய தமிழ்த் தொழிலாளியை மறந்துவிடாதீர்கள்.

அன்று நம்மைப் "பாண்டி" என்றார்கள். இன்று அஸ்ஸாமியோ ஒடியனோ எவனாயினும் "வங்காளி" என்கிறார்கள். நம் வாயிலும் அதே சொல்.

சட்டம் இருவரையும் ஒன்றாகவே கைவிட்டது

1979-இல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் சட்டம் வந்தது. பயணச் செலவும் இடப்பெயர்ச்சிப் படியும் கான்டிராக்டர் தர வேண்டும் என்றது. ஆனால் கான்டிராக்டர் கூட்டி வந்தவனுக்கே அது பொருந்தியது. தானாக வண்டியேறி வந்து சந்திப்பில் நிற்பவன் சட்டத்தின் கண்ணில் படவில்லை. 2020-இன் புதிய தொகுப்பு தானே வந்தவனையும் சேர்த்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த வெளிமாநிலத்தார் வேலை செய்யும் இடத்தை வெளியே விட்டது. வீடு கட்டும் மேஸ்திரியிடம் எத்தனை இடத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள்?

சாதிச் சான்றிதழும் அப்படியே. ஊரில் பட்டியல் சாதியாக இருப்பவன் எல்லை தாண்டி வந்து குடியேறினால் அந்தச் சலுகை கூட வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. தேனித் தொழிலாளிக்கும் அதுதான், ஒடிசாத் தொழிலாளிக்கும் அதுதான்.

சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த ஒரு மால்டாப் பையனைப் பார்த்தோம். மேஸ்திரி மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. யாரிடம் வேலை செய்தாய் என்று கேட்டால் பையனுக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. ஒரு நோட்டில் குறிப்பு இல்லை, ஒரு சாட்சி இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நம் பெரியகுளத்துக்காரர், அவருக்கும் அதே கதி. இருவருக்கும் கஞ்சி வாங்கிக் கொடுத்தது ஒரே அம்மாள், நம் சங்கத்துச் சித்தாள். அந்த அம்மாள் யாரிடமும் தீர்மானம் கேட்கவில்லை.

கடல் கடந்த ஒரு பாடம்

அமெரிக்காவில் மெக்சிகோக்காரன் நம்மைப் போல. எல்லைக்கு அப்பால் வீடு, முன்னே வந்தவன். எல்சால்வடார்க்காரன் பின்னே வந்தவன். 1980 முதல் 1992 வரை அவன் நாட்டில் உள்நாட்டுப் போர். உயிர் தப்பி ஓடி வந்தான். 1982-க்கு முன் வந்தவர்களுக்குக் குடியுரிமை வழி திறந்து 1986-இல் ஒரு சட்டம் வந்தபோது மெக்சிகோக்காரர் பலர் உள்ளே போனார்கள். பிந்தி வந்த சால்வடார்க்காரர் பலர் வாசலில் நின்றார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் மாடிக் கட்டிடங்களைத் துடைக்கிற வேலையில் இருவரையும் மலிவாக அமர்த்தினார்கள் கான்டிராக்டர்கள். இருவரும் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டே இருந்திருக்கலாம். 1990-இல் ஒரே சங்கத்தில் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 15 அன்று செஞ்சுரி சிட்டியில் போலீஸ் தடியால் அடித்தது. ஊரே கண்டு கொதித்தது. சில வாரங்களுக்குள் முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டான்.

நம் மண்ணின் பாடம்

அவ்வளவு தூரம் போவானேன்? இந்த மட்டாஞ்சேரியில் என்ன நடந்தது? துறைமுகத்தில் அந்நாளில் "சாப்பா" முறை. வேலை கேட்டு நிற்கிற கூட்டத்துக்குள் மூப்பன் உலோக வில்லைகளை வீசுவான். ஓடி, உருண்டு, பக்கத்திலிருப்பவனை மிதித்து, வில்லையைப் பிடித்தவனுக்கு அன்று வேலை. மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்து எழுந்த தொழிலாளர் மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. சைது, செய்தலவி, ஆன்றணி என்ற மூவர் அந்தப் போராட்டத்தில் உயிர் கொடுத்தார்கள். வில்லை பிடித்தவனும் பிடிக்காதவனும் ஒன்றாக நின்றபோதுதான் சாப்பா ஒழிந்தது.

காலை ஆறு மணிக்குக் கலூரில் நின்று பாருங்கள். வண்டி வந்து நிற்கும். உள்ளிருந்து ஒரு விரல் "நீ, நீ" என்று காட்டும். அந்த விரல்தான் இன்றைய சாப்பா. விரலுக்குச் சொந்தக்காரனை விட்டுவிட்டு, விரல் யாரைக் காட்டியதோ அவன் சட்டையைப் பிடிக்கிறோம்.

ஆகவே வாத்துருத்தித் தீர்மானத்துக்குப் பதிலாகச் செயற்குழு மூன்று முடிவுகளை முன்வைக்கிறது.

ஒன்று: சங்க அலுவலகத்துக்குக் கூலி பாக்கியோடோ காயத்தோடோ வருகிறவன் எந்த மொழிக்காரனாயினும் அவன் மனு எழுதப்படும்.

இரண்டு: ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டு. மேஸ்திரி பெயர், தொலைபேசி எண், வேலை செய்த நாள், பேசிய கூலி, வாங்கிய கூலி அதில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்திலிருப்பவர் எழுத வேண்டும்.

மூன்று: நம் பகுதியில் இதற்குக் கீழே இறங்குவதில்லை என்று ஒரு கூலியை அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்து, தமிழ், மலையாளம், வங்காளம், இந்தி நான்கிலும் அச்சிட்டு ஒட்ட வேண்டும்.

நோட்டுப் புத்தகங்கள் மேசை மேல் இருக்கின்றன. போகும்போது ஆளுக்கு இரண்டாக எடுத்துச் செல்லுங்கள். ஒன்று உங்களுக்கு. மற்றொன்றை நாளைக் காலை சந்திப்பில் உங்கள் பக்கத்தில் நிற்பவன் கையில் கொடுங்கள்.

வாழ்க உழைப்பாளர் ஒற்றுமை!