ஒற்றைக் காலில் முப்பது வரை



போன ஆடி மாதம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் வலது கால் ஒரு கல்லின் விளிம்பில் பட்டு உள்பக்கமாக மடங்கியது. 'சடக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவருக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்குக் கேட்டது. "பாத்து இறங்கக்கூடாதா சார்" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நொண்டி நொண்டி வீடு வந்து சேர்வதற்குள் கணுக்காலின் வெளிப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

அம்மாவுக்கு எண்பது வயது. பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சுளுக்குதான். எதுத்த வீட்டுக்காரியக் கூப்புடுதேன். வழிச்சு விட்டா சரியாப் போயிரும்." எதிர்வீட்டு அக்கா இரட்டைப் பிள்ளை பெற்றவர். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த அக்காவும் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். நான் காலைக் கொடுக்கவில்லை. பெரிய மருத்துவ அறிவெல்லாம் இல்லை. விரல் பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தது, அவ்வளவுதான்.

அந்த வலி எனக்கு நல்லதுதான் செய்தது. கால் அப்படி மடங்கும்போது, ஊரில் சொல்வது போல நரம்பு ஒன்றும் பிசகுவதில்லை. எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் ஜவ்வு இழுபட்டு நார் நாராகக் கிழிகிறது. அங்கேயுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் அறுந்து உள்ளுக்குள்ளேயே கசிகின்றன. வீக்கத்துக்குக் காரணம் அதுதான். அந்த நேரத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் கசிவு கூடும், கிழிசல் பெரிதாகும். முதல் இரண்டு மூன்று நாள் அந்த இடத்தில் யார் கையும் படாமல் இருப்பதே மேல்.

எலும்பு முறிந்திருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் அதற்கு எளிய விதி ஒன்று வகுத்தார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கிற எலும்பின் நுனியையோ பின் விளிம்பையோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவர் பார்க்கும்போதும் சரி, நாலு எட்டு நடக்க முடியாமல் போகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். நான் நாலு எட்டு வைத்துவிட்டேன். முகம் எப்படி இருந்தது என்பதை வீட்டில்தான் கேட்க வேண்டும்.

ஐஸ் வைக்கலாமா என்று கேட்பீர்கள். ஓய்வு, ஐஸ், இறுக்கமான கட்டு, காலைத் தூக்கி வைப்பது என்று நான்கையும் சேர்த்து 1978-இல் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். உலகம் முழுக்க விளையாட்டு மைதானங்களில் அதுதான் பாடம். பல வருஷம் கழித்து அவரே, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று மாற்றிச் சொன்னார். தான் சொன்னதைத் தானே திருத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. வலி தணிவதற்கு முதல் நாள் கொஞ்ச நேரம் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். குழந்தை கீழே விழுந்து முழங்கையில் அடிபட்டால் தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவாதீர்கள், இழுத்து மடக்காதீர்கள். முழங்கைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அடிபட்ட கையைப் போட்டுக் கசக்கினால் தசைக்குள்ளேயே சுண்ணாம்பு படிந்து எலும்பு வளர ஆரம்பித்துவிடும். பிறகு கை மடங்காது. சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் நிற்கிற பிள்ளைகளை எலும்பு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். உருவிவிட்டவர் பாசத்தோடுதான் உருவியிருப்பார். அதே போல, ஒரு கெண்டைக்கால் மட்டும் காரணமில்லாமல் வீங்கி வலித்தால் அதையும் அமுக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும்.

அப்படியென்றால் அமுக்கிவிடுவதே தப்பா? அதுவும் இல்லை. எங்காவது இடித்துக்கொண்டால் நம் கை தானாகவே அந்த இடத்தைத் தேய்க்கிறது, யாரும் சொல்லித் தரவில்லை. ஏன் தேய்க்கிறோம் என்பதற்கு மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். முதுகுத் தண்டில் ஒரு வாசல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலி மெல்லிய நரம்புகள் வழியே மெதுவாக வருகிறது. தொடு உணர்வு தடித்த நரம்புகள் வழியே ஓடி வந்து, வலி உள்ளே நுழைவதற்கு முன்னால் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. வலி இருக்கிறது, ஆனால் மூளைக்குப் போய்ச் சேர்வது குறைகிறது. எதிர்வீட்டு அக்காவின் கையில் இருப்பது இந்த வித்தைதான். காயத்தை அது ஆற்றாது. பத்தாம் நாள், வீக்கம் வடிந்து கெண்டைக்கால் தசை விறைத்துக் கிடந்தபோது அதே அக்கா வந்து நீவிவிட்டார். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன், மறைக்க மாட்டேன்.

பிரிட்டனில் பிசியோதெரபி பிறந்ததே இந்த அமுக்குகிற கையிலிருந்துதான். 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயரே பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள் சங்கம். மசாஜ் என்ற பெயரில் ஊரில் வேறு தொழில்கள் நடந்துகொண்டிருந்த காலம். அந்தப் பழி தங்கள் மேல் விழாமல் இருக்கத் தேர்வு, சான்றிதழ், ஒழுங்கு விதிகள் என்று கட்டிக்கொண்டார்கள். அந்தச் சங்கம்தான் இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கம். நம் சித்த மருத்துவத்தில் இதற்குப் பெயர் தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. அந்த ஒன்பதாவதைக் கவனியுங்கள். அமுக்கியதோடு விடாமல் அசைக்கவும் வேண்டும் என்று பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். நாம்தான் அந்த ஒன்றை விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது வாரம் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். அங்கே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் "கரண்ட் வைக்க" வந்தவர்கள். மெஷினில் வயர் ஒட்டிக்கொண்டு இருபது நிமிஷம் படுத்துவிட்டு, வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள். மருத்துவர் இளம்பெண், என் மகள் வயது. கரண்டைப் பற்றிப் பேசவே இல்லை.

"காலைத் தொங்கவிட்டு, கட்டை விரலால அந்தரத்துல ஏ, பி, சி, டி எழுதுங்க சார்" என்றார்.

எனக்கு ஏனோ தமிழ்தான் வந்தது. 'அ' எழுதிப் பாருங்கள், கணுக்கால் எல்லாப் பக்கமும் சுழன்றுவிடும். 'ஈ' சுலபம். 'ஔ' வரும்போது கண்ணில் தண்ணீர். இதற்குக் காரணம் இருக்கிறது. கிழிந்த ஜவ்வில் புதிதாக வளரும் நார்கள் முதலில் வைக்கோல் போர் மாதிரி தாறுமாறாகக் கிடக்கின்றன. அளவாக இழுத்து அசைக்க அசைக்கத்தான் இழுவிசை வருகிற திசையில் வரிசையாகப் படிந்து வலுவாகின்றன. இது மாதக் கணக்கில் நடக்கிற வேலை. ஆறு வாரத்தில் வலி போய்விடும், ஜவ்வு அப்போதும் பச்சைதான்.

ஆறாவது வாரம் "வலி சுத்தமா இல்லம்மா, இனி வரலையே" என்றேன். "ஒத்தக் கால்ல நில்லுங்க, 30 எண்ணுவோம்" என்றார். இடது காலில் சிலை மாதிரி நின்றேன். வலது காலில் நான்கு எண்ணுவதற்குள் மேசையைப் பிடித்துவிட்டேன்.

 வலி வாசல் விளக்கம் வந்த அதே 1965-இல், லண்டனில் ஃப்ரீமன் என்ற மருத்துவர் இந்தத் தடுமாற்றத்தைப் பற்றி எழுதினார். ஜவ்வு வெறும் கயிறு இல்லை. கால் எந்தச் சாய்வில் நிற்கிறது என்று நொடிக்கு நொடி மூளைக்குச் சேதி சொல்லும் நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அவையும் அறுகின்றன. கல்லில் கால் பட்டால் தசை சட்டென்று இழுத்துப் பிடிக்க வேண்டும், சேதி தாமதமாகப் போவதால் பிடிக்காமல் விட்டுவிடுகிறது. ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பத் திரும்பச் சுளுக்குவதற்கு இதுவே பெரிய காரணம் என்றார். ஆடும் பலகையில் நிற்கப் பழக்கியவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் குறைந்ததையும் காட்டினார். எண்ணெய், பத்து, ஒத்தடம், கரண்ட் எதுவும் இந்தச் சேதியைத் திருப்பிக் கொண்டுவராது. நின்று பழகினால்தான் வரும்.

அதிலிருந்து தினமும் காலையில் பால் பொங்கும் வரைக்கும் அடுப்படியில் வலது காலில் நிற்கிறேன், பக்கத்தில் மேடை இருப்பதால் விழ மாட்டேன். முதல் நாள் பார்த்த அம்மா, "என்னல, தவம் பண்ணுதியா?" என்று கேட்டார். கண் திறந்திருந்தால் இப்போது 30 தாண்டிவிடுகிறது. கண்ணை மூடினால் இன்னும் 11-தான். நேற்று 12 வந்தது, பால் பொங்கி வழிந்துவிட்டது.