கடல் கடந்த குரல்

தூத்துக்குடியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கொழும்போ ஏறத்தாழ 280 கிலோமீட்டர்தான். இந்தக் கணக்கை எங்கள் ஊரார் நாட்டுப்படத்தைப் பார்த்துக் கற்றவர்கள் அல்லர். தோணிகளில் சரக்கேற்றிச் சென்று கற்றவர்கள். 1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கப்பல் விட்டதும் இந்த வழியில்தான். ஆனால் தோணியும் கப்பலும் ஏறாத எங்கள் தாய்மார்கூட ஒவ்வொரு நாளும் கொழும்புக்குச் சென்று வந்த காலம் ஒன்று உண்டு. வானொலிப் பெட்டியின் முள்ளைச் சற்றே நகர்த்தினால் போதும். அடுத்த வீட்டிலிருந்து பேசுவதுபோல் இலங்கை வானொலி ஒலிக்கும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மத்திய அலை எனப்படும் வானொலி அலை தரையை ஒட்டிச் செல்லும்போது, காய்ந்த நிலமும் மலையும் அதன் வலிமையை விரைவில் உறிஞ்சிவிடும். உப்பு நீரோ மின்சாரத்தை நன்கு கடத்தும் பொருள். ஆகையால் அதன்மீது செல்லும் அலை நெடுந்தூரம் வரை வலிமை குன்றாமல் வந்து சேரும். எங்கள் ஊர் உப்பளங்களுக்கு நீர் தரும் அதே மன்னார் வளைகுடா, பாட்டையும் சுமந்து வந்தது.

இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் நம் நாட்டில் ஒரு மாறுதல் நேர்ந்தது. தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அதன் இடம் மிகவும் சுருங்கியது. கர்நாடக இசைக்கு அவர் காலத்தில் கிடைத்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆயினும், பாட்டுக் கேட்க விரும்பியவனைச் சட்டம் போட்டுச் சுவை மாற்ற முடியுமா? அவன் முள்ளைத் திருப்பினான். வடக்கே அமீன் சயானியின் இந்திப் பாடல் நிகழ்ச்சியைக் கேட்கவும், தெற்கே தமிழ்ப் பாடல்களைக் கேட்கவும் நாடே கொழும்புப் பக்கம் திரும்பியது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி பிறந்ததற்கு இதுவே பெருங்காரணம்.

பாட்டுத் தட்டு யாரிடமும் இருக்கலாம். கொழும்பில் இருந்தது தட்டு மட்டுமன்று, அறிவிப்பாளர்கள். எஸ். பி. மயில்வாகனன் அவர்களைத் தொடக்க காலத்து நேயர்கள் தம் உறவினரைப்போல் நினைவு வைத்திருந்தனர். பின்னர் வந்த கே. எஸ். ராஜா மடை திறந்தாற்போல் பேசுவார்; கேட்பவன் மூச்சு வாங்குவான், அவர் வாங்கமாட்டார். இராஜேஸ்வரி சண்முகம் அவர்களின் குரலில் தாய்வீட்டுக் கனிவு இருக்கும். இந்த வரிசையில் வானொலியையும் தொலைக்காட்சியையும் ஒருங்கே ஆண்டவர் பி. எச். அப்துல் ஹமீத். ஆகவே அவரைப்பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கொழும்பு மாநகரின் தெமட்டகொடைப் பகுதியைச் சேர்ந்தவர் அவர். சிறுவர் நிகழ்ச்சியில் குரல் கொடுக்கும் பிள்ளையாக நிலையத்துக்குள் நுழைந்தார், வானொலி நாடகங்களில் நடித்தார், 1960களில் அறிவிப்பாளரானார். அறிவிப்பாளர் ஆவதற்கு முன் நாடகத்தில் பயின்றது அவருக்குப் பெரும் பேறு என்பது என் கருத்து. நாடகத்தில் சொல்லை விழுங்கினால் உடன் நடிப்பவர் தடுமாறுவார். லகரமும் ளகரமும் ழகரமும் தத்தம் இடத்தில் நிற்கவேண்டும் என்பதை இலக்கண நூல் சொல்லித்தான் தருகிறது; ஒலிவாங்கியோ தண்டித்துக் கற்பிக்கிறது. அவர் பேச்சில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. வேற்றுமொழிச் சொல்லைத் துணைக்கு அழைக்காமலேயே இனிமையாகவும் எளிமையாகவும் ஒரு மணி நேரம் பேச இயலும் என்பதை அவர் காட்டினார்.

இப்பணியில் நேயர்கள் அறியாத ஒரு பகுதி உண்டு. பாட்டு ஒலிக்கும் மூன்று நான்கு நிமிடங்களில் அறிவிப்பாளர் ஓய்வெடுப்பதில்லை. அடுத்த தட்டை எடுத்து, தூசு துடைத்து, ஊசி விழவேண்டிய இடத்தைக் கண்டு வைக்கவேண்டும். படத்தின் பெயர், பாடலை இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகிய விவரங்கள் கையில் இருக்கவேண்டும். நம்மில் பலர் பாடகரை அறிவோம், நடிகரை அறிவோம்; பாட்டை எழுதிய புலவரை அறியோம். அவர்கள் பெயரை நாள்தோறும் சொல்லி நம் காதில் ஏற்றியது இலங்கை வானொலி. கல்லூரியில் கற்காத ஓர் இலக்கிய வரலாற்றை அடுப்படியில் இருந்தபடியே பலர் கற்றது இவ்வாறுதான்.

பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம் ஆகியவற்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். கடலுக்கு இப்பாலிருந்து அஞ்சலட்டைகள் சென்றன. கடலோரச் சிற்றூர் ஒன்றின் பெயர், அதில் பிறந்த ஒரு குழந்தையின் பெயர், அதன் பாட்டி, மாமன், அத்தை எல்லாருடைய பெயர்களும் கொழும்பிலிருந்து ஒலிக்கும். தம் ஊர்ப் பெயரை அச்சில்கூடக் கண்டிராதவர்கள் அன்று அதை வானில் கேட்டார்கள். தாம் பார்த்திராத அவ்வூரின் பெயரைப் பிழையின்றிச் சொல்வது அறிவிப்பாளரின் பொறுப்பு. அது தவறினால் ஒரு தெருவே வருந்தும்.

வானொலியில் பெயர் பெற்றவர் தொலைக்காட்சியில் தோற்பதுண்டு; முகம் தெரிந்தவுடன் குரலைப்பற்றி நேயர் கட்டிய கோட்டை இடிந்துவிடும். ஹமீத் அவர்கள் வானொலியில் வளர்த்த 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி 1990களில் சன் தொலைக்காட்சி வழியே தமிழகத்துக்கு வந்தபோது அப்படி நேரவில்லை. ஓர் எழுத்தைக் கொடுத்து, அவ்வெழுத்தில் தொடங்கும் பாடலைப் பாடச் செய்யும் போட்டி அது. குறிலா நெடிலா என்று மயங்குகிறவன் வாயே திறக்க முடியாது. மேடையில் நடுங்கி நிற்கும் பிள்ளையை அவர் நடத்திய விதத்தைக் காணும்போது எனக்கு எங்கள் கடலின் முத்துக்குளிப்பு நினைவுக்கு வரும். 1961ஆம் ஆண்டோடு அது இங்கே நின்றுபோயிற்று. மூழ்குபவன் கடலடியில் சிப்பி சேர்க்கும்போது படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி இருப்பான். கயிறு அசைந்தவுடன் இழுக்கவேண்டும். பேசமாட்டான், வேறு எங்கும் பார்க்கவும் மாட்டான். முத்து அவனுடையதன்று. நல்ல அறிவிப்பாளன் பாடகனுக்குச் செய்யும் உதவியும் ஏறத்தாழ அத்தகையதே.

இந்தக் கதையின் துயரப் பகுதியையும் சொல்லாமல் விடலாகாது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இலங்கையில் போர் மூண்டது. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய பயணிகள் கப்பல் நின்றது. நமக்குப் பாட்டுச் சொன்ன கே. எஸ். ராஜா கொல்லப்பட்டார். போர் முடிந்தபின் 2011ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் ஒன்று விடப்பட்டது. அவ்வாண்டிலேயே அதுவும் நின்றுபோயிற்று. மனிதர் செல்ல முடியாத நாள்களிலும் குரல் சென்று வந்தது. எங்கள் தூத்துக்குடியிலேயே அகில இந்திய வானொலி 200 கிலோவாட் வலிமையுள்ள ஒலிபரப்பியை நிறுவிய பிறகு, அதன் பாட்டைக் கடலுக்கு அப்பாலிருந்த தமிழர் கேட்டனர். எதிர்த்திசையில், அதே உப்பு நீரின்மேல்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் ஒலிவாங்கியின் முன் அமர விரும்பலாம். ஹமீத் அவர்கள் தம் நினைவுகளை நூலாக எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள். இரு நாடுகளில் இத்தனை பேர் வீட்டுக்குள் உரிமையோடு நுழைந்தவர், அந்நூலுக்கு 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்று பெயரிட்டிருக்கிறார்.