அடிக்கட்டையில் ஒரு துளிர்



இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்றே தமிழ் வகுப்பில் நான் கற்பிக்கிறேன். எங்கள் பனிச்சங்கேணி வளவுகளோ அதுவரை காத்திருப்பதில்லை. மார்கழி மாரி ஓய்ந்து, தையில் நிலம் சற்றே வெயில் கண்டதும் துளிர்ப்புத் தொடங்கிவிடும். முருங்கையில் கொழுந்து எழும். மாசியில் இலை உதிர்த்த வேம்பு பங்குனியில் செம்பழுப்பாய்த் தளிர்க்கும். ஊர்ப் பெயரில் பனி இல்லை, நேயர்களே. அங்கிருப்பது பனிச்சை மரம். அதன் காயின் துவர்ச்சாற்றில்தான் முன்னாளில் மீன்வலைகளைத் தோய்த்தெடுத்தார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வாவிக் கரையையும் விட்டுவைக்கவில்லை. என் பெரியம்மாவின் வளவில் உப்புநீர் நின்றது. உப்பேறிய மண்ணில் வேர் நீரை உறிஞ்ச முடியாது. ஈரம் இருந்தும் செடி தாகத்தால் வாடும். தென்னையும் வேம்பும் தாக்குப்பிடித்தன. மல்லிகை மாண்டது. கிணற்றடிச் செவ்வரத்தை கரிக்கட்டையாய் நின்றது. அதைப் பிடுங்க நான் மண்வெட்டியை எடுத்தேன்.

"வேணாம் மனே. ஒரு மாரி போகட்டும்" என்றார் பெரியம்மா.

அடுத்த மாரி மழை உப்பைக் கழுவிக் கீழே இறக்கியது. 2006 தை மாதத்தில் ஒருநாள் என்னைக் கிணற்றடிக்கு அழைத்தார். அடிக்கட்டையை நகத்தால் சுரண்டிக் காட்டினார், உள்ளே பச்சை. மண்ணோடு ஒட்டிய இடத்தில் கடுகளவில் இரண்டு முகைகள்.

அந்த ஆண்டின் இறுதியில் போர் வாகரைப் பகுதி மக்களை ஊரைவிட்டு எழுப்பியது. பெரியம்மாவும் வெறுங்கையோடு இடம்பெயர்ந்தார். 2007இல் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. ஆளுயரப் புல்லை விலக்கிக்கொண்டு அவர் முதலில் போனது கிணற்றடிக்கு. செவ்வரத்தை பூத்திருந்தது. அன்றுதான் அவர் அழுததை நான் பார்த்தேன்.

பெரியம்மா இன்று இல்லை. அந்தச் செடியின் தடியொன்று என் வாசலில் வேர்விட்டு நிற்கிறது. மாரி கழிந்ததும் காலையில் குனிந்து அதன் கணுக்களைப் பார்ப்பேன். வகுப்பில் பின்தங்கிய பிள்ளையை "இது சரிவராது" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், மண்வெட்டியோடு நின்ற அந்த நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது.

உங்கள் வளவிலும் பட்டுப்போனதென்று நீங்கள் எண்ணிய செடி ஒன்று இருக்கலாம். பிடுங்குவதற்கு முன் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள்.