குழந்தைக்கு ஆங்கிலம் எந்த அகவையில்?

(குற்றாலத்தில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

சாரல் தொடங்கியுள்ள நாளில், பேரருவியை விட்டுவிட்டு இம்மன்றத்துள் வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். அதற்கே உங்களுக்கு நன்றி கூறவேண்டும். நான் எழுதிக்கொண்டு வந்த உரை வேறு. வாயிலில் ஒரு தாய் என்னை நிறுத்தி வினவியது அதை மாற்றிவிட்டது. "ஐயா, என் மகனுக்கு மூன்று நிறைந்துவிட்டது. ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கை இந்தக் கிழமையோடு முடிகின்றது. தமிழில் படிக்க வையுங்கள் என்று பேசிவிட்டு நீங்கள் தொடர்வண்டி ஏறிவிடுவீர்கள். நாளைக்கு என் பிள்ளை பின்தங்கிப் போனால் யார் பொறுப்பு?" என்றார்.

அவர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அம்மா, இவ்வுரை உங்களுக்கே.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கின்றேன். நம் மேடைகளில் இத்தகைய தாய்மாரை 'ஆங்கில அடிமைகள்' என்று ஏசுவது வழக்கம். நானும் ஏசியிருக்கின்றேன். அது தவறு. தானி ஓட்டுபவரும் பீடி சுற்றுபவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பள்ளிக் கட்டணம் செலுத்துவது ஆங்கிலப் பற்றினால் அன்று, அச்சத்தினால். அவ்வச்சத்தை உண்டாக்கியது யார் என்பதைப் பின்னர்ச் சொல்கின்றேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் நானே என் மூத்த மகனை ஆங்கில மழலையர் பள்ளியில் சேர்த்தேன். மாலையில் தமிழ்க் கூட்டம். காலையில் மகனுக்குக் கழுத்துப்பட்டை கட்டிவிடும் வேலை! தமிழில் பேசினால் தண்டத்தொகை உண்டு என்பது அப்பள்ளியின் நெறி. வாயாடிப் பிள்ளை, இரண்டு திங்களில் வாயடைத்துப் போனான். ஒருநாள் நனைந்த காற்சட்டையோடு வந்தான். வெளியே போகவேண்டும் என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தமிழில் கேட்கத் துணிவில்லை. நான்கு அகவைக் குழந்தை, அம்மா! அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் அவனை அப்பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன். ஆகவே கொள்கையிலிருந்து தொடங்கி இங்கு வந்தவன் அல்லன் நான்; அந்த நனைந்த காற்சட்டையிலிருந்து தொடங்கியவன்.

இனி உங்கள் வினாவுக்கு வருகின்றேன். "சிறு அகவையில் கற்றால்தான் மொழி ஒட்டும்" என்று எல்லாரும் சொல்கின்றனர். இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதிதான் நம்மை ஏமாற்றுகின்றது.

அருவியில் நிற்கும் குழந்தை முழுதும் நனைந்துவிடும். காலை முதல் இரவு வரை நாற்புறமும் ஒரு மொழியே ஒலிக்கும் ஊரில் வளரும் குழந்தை, அம்மொழியை ஒலிப்புப் பிசகாமல் பிடித்துக்கொள்ளும். நம் பள்ளியில் கிடைப்பதோ அருவி அன்று. ஆங்கிலம் பேசிப் பழகாத ஆசிரியை ஒருவர், முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நின்று, கையால் தெளிக்கும் நீர் அது. அதில் நனைந்துவிடலாம் என்று எண்ணுகின்றோம்.

மொழி சூழ்ந்திருக்கும் இடத்தில்கூட நாம் நினைப்பதுபோல் நடப்பதில்லை. ஆலந்து நாட்டில் குடியேறிய ஆங்கிலக் குடும்பத்தினர் டச்சு மொழியை எப்படிக் கற்கின்றனர் என்று ஆய்வாளர் இருவர் ஓராண்டு தொடர்ந்து பார்த்து 1978-இல் எழுதினர். விரைந்து கற்றவர் பன்னிரண்டு முதல் பதினைந்து அகவைப் பிள்ளைகள். மிகவும் பின்தங்கியவர் மூன்று முதல் ஐந்து அகவைக் குழந்தைகள். அதாவது, அம்மா, உங்கள் மகனின் அகவையினர்! காலம் செல்லச் செல்ல இளையவரும் எட்டிப் பிடிப்பர் என்பது மெய்யே. ஆனால் அதற்கு அந்த அருவி வேண்டும். பார்சிலோனாவில் பள்ளி மாணவரிடையே நடந்து 2006-இல் நூலாக வந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே எட்டில் ஆங்கிலம் தொடங்கியவரையும் பதினொன்றில் தொடங்கியவரையும் ஒப்பிட்டனர். ஒரே அளவு பாட நேரம் முடிந்தபின், பதினொன்றில் தொடங்கியவரே முன்னே நின்றனர்.

கரணியம் எளிது. பதினொன்று அகவைப் பிள்ளைக்குச் சொல் என்றால் என்ன, வினை என்றால் என்ன, காலம் எப்படிச் சொல்லுக்குள் அமைகின்றது என்பனவெல்லாம் தன் மொழியிலேயே விளங்கியிருக்கும். ஒரு மொழியில் கடைக்கால் போட்டவனுக்கு இன்னொரு மொழியில் சுவர் எழுப்பினால் போதும். மூன்று அகவைக் குழந்தைக்கோ எங்கும் கடைக்கால் இல்லை.

"வீட்டில்தான் தமிழ் பேசுகின்றானே, பள்ளியில் வேறு எதற்கு?" என்பீர்கள். வீட்டுப் பேச்சு வேறு, எழுத்து வேறு. தமிழ் எழுத்தைக் கற்ற குழந்தை, தான் அதுவரை காணாத சொல்லையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஓரிடத்தில் ஓரொலி, மற்றோரிடத்தில் வேறொலி, இன்னோரிடத்தில் ஒலியே இல்லை. ஆங்கிலத்தையும் வேறு பன்னிரண்டு ஐரோப்பிய மொழிகளையும் ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஆய்வு, பெரும்பாலான நாட்டுக் குழந்தைகள் முதல் ஆண்டு முடிவிலேயே சொற்களைத் தடுமாறாமல் படித்துவிடுகின்றனர் என்றும், ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைக்கே அந்நிலையை எட்ட இருமடங்குக்கு மேற்பட்ட காலம் ஆகின்றது என்றும் காட்டியது. தாய்மொழியாகவே கொண்டவனுக்கு அத்தனை பாடு! மேலகரத்துக் குழந்தைக்குப் படிப்பு என்னும் கலையையே அந்த எழுத்தில் தொடங்கலாமா?

இடையில் ஒரு செய்தி. நம் மழலையர் பள்ளிகளில் மழையை விரட்டும் ஆங்கிலப் பாட்டொன்று சொல்லித் தருகின்றனர். வெயில் காணாது ஏங்கும் நாட்டில் பிறந்த பாட்டு அது, அவர்களுக்குப் பொருத்தம். ஆனால் சாரல் பொய்த்தால் கடைத்தெருவே ஈயோட்டும் குற்றாலத்தில், அருவியை நம்பிப் பழம் விற்பவர் மகன் கை தட்டி மழையை விரட்டுகின்றான். தாயும் கேட்டு மகிழ்கின்றார். தூறல், தூவானம், சாரல், அடைமழை என்று வகை வகையாய் மழையை அறியும் ஊர் இது. அக்குழந்தை அவை எல்லாவற்றுக்குமாக ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொள்கின்றது.

இம்மண்ணின் மரபு வேறு. தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியன் நைடதம் பாடிய பெரும்புலவன். அவனே சிறுவர்க்கென வெற்றிவேற்கை இயற்றினான். திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை ஓதினர். இக்குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த டி.கே. சிதம்பரநாதர், ஆங்கிலம் கற்றுச் சட்டம் பயின்றவர். தமிழ் வாயிலாகவே கல்வி அமையவேண்டும் என்று ஓயாது வற்புறுத்தியவரும் அவரே. நம் தனித்தமிழ்க் கொள்கை அவருக்கு உடன்பாடன்று. 'இரசிகமணி' என்ற பட்டமே அதைச் சொல்லும். ஆயினும் இச்செய்தியில் அவர் நம்மவரே. சங்கரன்கோயிலில் 1902-இல் பிறந்த மொழிஞாயிறு பாவாணரோ, உலக முதற்செம்மொழி தமிழே என்பதை உலகத்தார்க்கு உணர்த்த 1966-இல் ஆங்கிலத்திலேயே நூல் எழுதினார். ஆங்கிலம் வேண்டா என்று நம் முன்னோர் சொன்னதில்லை. அது எப்போது வரவேண்டும், எந்த இடத்தில் அமரவேண்டும் என்பதே வழக்கு.

ஆகவே அம்மா, என் விடை இது. ஆங்கிலத்தை அகவையால் அளக்காதீர்கள். தமிழால் அளந்து பாருங்கள். உங்கள் மகன் தானாக ஒரு சிறு கதையைத் தமிழில் படித்து, அதைத் தன் சொற்களில் ஐந்தாறு வரி பிழையின்றி எழுதும் நாள் வரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாம் வகுப்பையொட்டி, எட்டு அகவையில் வரும். அன்று ஆங்கிலத்தைத் தொடங்குங்கள். ஒரு மொழிப்பாடமாக நன்றாகத் தொடங்குங்கள். கணக்கும் அறிவியலும் தமிழிலேயே நடக்கட்டும். ஒரு காலத்தில் நம் அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்கிற்று. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி கல்விக் குழு ஐந்தாம் வகுப்புக்கு முன் தேவையில்லை என்றே கருதியது. இன்று முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் பாடமாக உள்ளது. அதற்காக நீங்கள் அஞ்சவேண்டா. பாட்டும் விளையாட்டுமாகச் சில ஆங்கிலச் சொற்கள் காதில் விழுவதால் தமிழ் அழிந்துவிடாது. பயிற்றுமொழியை மாற்றுவதே கேடு.

எதிர்த்தரப்புச் செய்தியையும் மறைக்க மாட்டேன். மேற்கு வங்கத்து இடதுசாரி அரசு 1980-களின் தொடக்கத்தில் தொடக்கப் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தை நீக்கியது. கல்வி நோக்கில் அதற்கு அடிப்படை இருந்தது. ஆனால் அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளையே கட்டுப்படுத்தியது. பணமுள்ளவர் தம் பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினர். ஏழைக்கு மட்டும் தாய்மொழிக் கல்வி என்றாயிற்று. மக்கள் சினந்தனர். அவ்வரசே பின்வாங்கி, 2004-இல் முதல் வகுப்பிலேயே ஆங்கிலத்தை மீண்டும் வைத்தது. ஒருவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நெறி, மற்றவர் வீட்டுப் பிள்ளைக்கு வேறு நெறி என்றால், எவ்வளவு நல்ல கொள்கையும் தோற்கும். நம் இயக்கத்தார் இதைக் கூர்ந்து படிக்கவேண்டும்.

நம் நாட்டிலோ எல்லார்க்கும் பொதுவாக முயன்றபோது வழக்குமன்றம் தடுத்தது. 1999-இல் தமிழறிஞர்கள் சென்னையில் உண்ணாநோன்பு இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு நவம்பரில், ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என்று தமிழக அரசு ஆணையிட்டது. மறு ஆண்டே உயர்நயன்மை மன்றம் அதை நீக்கிவிட்டது. 1994-இல் கருநாடகம் போட்ட இத்தகைய ஆணையும் 2014 மே திங்களில் உச்சநயன்மை மன்றத்தில் வீழ்ந்தது. பயிற்றுமொழியைத் தெரிவு செய்வது பெற்றோர் உரிமையாம்! தெரிவு செய்ய எதிரே இரண்டு நல்ல பள்ளிகள் இருந்தாலன்றோ அது உரிமை? 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஒரு பாடமாகவேனும் எல்லாப் பள்ளிக்குள்ளும் நுழைந்தது; அந்த மட்டில் நன்று. ஆனால் 2013-இல் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. 2019-இல் அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் வந்தன. அரசே தன் தமிழ் வகுப்பைக் காட்டி 'இது இரண்டாந்தரம்' என்று பெற்றோரிடம் சொல்லாமல் சொல்லிவிட்டது. அச்சத்தை உண்டாக்கியது யார் என்று முன்னர்க் கேட்டேனே, விடை இதுதான். தமிழ் படித்தவனுக்கு வேலை இல்லை என்ற நிலையை வைத்துக்கொண்டு தமிழ் படி என்றால் எந்தத் தாய் கேட்பார்?

ஆகையால் இயக்கத்தாரிடம் நான் கேட்பது மேடைப்பேச்சன்று. உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கின்றான் என்பதை முதலில் சொல்லுங்கள். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில், நான்காம் வகுப்பிலிருந்தாவது மாலையில் ஒரு மணி நேரம் நல்ல ஆங்கிலம் கற்பிக்க ஆங்கிலம் நன்கறிந்த ஒருவரை அழைத்து வாருங்கள். 'தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது' என்ற பேச்சை அந்த ஒரு மணி நேரம் உடைத்துவிடும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் தென்காசியில் எத்தனையோ பேர் உள்ளனர். கூச்சப்படாமல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

அம்மா, யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர் மூவர் உங்கள் தெருவுக்கு அண்மையில்தான் இருக்கின்றனர். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் உங்கள் மகன் பெயரைக் கொடுத்துச் செல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சாரல் நாளில் நான் இங்கு வருவேன். வரும்போதெல்லாம் அவனை அழைத்து வாருங்கள். அருவியில் அன்று என்ன பார்த்தான் என்று எழுதச் சொல்வோம். என் மூத்தவனும் இரண்டாம் வகுப்பில் அப்படித்தான் எழுதத் தொடங்கினான். முதல் நாள் எழுதியது ஒன்றரை வரி. அதில் மூன்று பிழை.