மொட்டு விடும் நேரத்தில் மருந்து வேண்டாம்



தேக்கா பஃபலோ ரோட்டில் ஒரு முழம் மல்லிகை வாங்குவது எளிது. ஆனாலும் அடுக்குமாடி வீட்டு வாசலில் தொட்டி வைத்து, தன் கையால் பறித்த நான்கு மொட்டுகளைச் சாமி படத்துக்குச் சாத்துவதில் உள்ள மனநிறைவே வேறு. மல்லிகைக்குப் பக்கத்தில் துளசி, கறிவேப்பிலை, மிளகாய். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவச விதைகள் வழங்கத் தொடங்கிய பிறகு, செடி வளர்க்கும் ஆர்வம் இன்னும் பல வீடுகளுக்குப் பரவியது.

இந்தச் செடிகளுக்கு வரும் தொல்லைகளில் ஒன்று செஞ்சிலந்தி. முதலில் இலையில் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் தோன்றும். பிறகு இலை மஞ்சளாகும். கடைசியில் மொட்டுகளைச் சுற்றி மெல்லிய நூலாம்படை படரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பலர் கூடுதலாக ஊற்றுகிறார்கள். அது பயன் தராது. இலைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் உண்மை தெரியும். தாளில் விழும் தூசி நகர்ந்தால் அது செஞ்சிலந்தி.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த உயிர் பூச்சி இனமல்ல. எட்டுக் கால் கொண்ட சிலந்தி வகை. 30 டிகிரி வெப்பத்தில் முட்டை முதிர்ந்த சிலந்தியாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஒரு பெண் சிலந்தி நூறு முட்டைவரை இடும். திறந்தவெளிச் செடியை மழை கழுவிவிடும். கூரைக்கு அடியில் இருக்கும் நடைவழிச் செடிக்கு அந்த உதவி கிடையாது.

இங்கேதான் தவறு நடக்கிறது. அவசரத்தில் கைக்கு எட்டுவது கொசு மருந்து. அதை அடித்தால் செஞ்சிலந்தி அழிவதைவிட, அதைத் தின்று வாழும் சிறு வண்டுகளும் வேட்டைச் சிலந்திகளும்தான் முதலில் அழிகின்றன. எதிரி இல்லாத இடத்தில் செஞ்சிலந்தி முன்னைவிடப் பெருகும். 1940களில் டிடிடி போன்ற மருந்துகள் புழக்கத்துக்கு வந்த பிறகே, பல நாடுகளில் செஞ்சிலந்தி பெரிய பயிர்த் தொல்லையாக மாறியது. மாறாக, 1958இல் சிலி நாட்டு ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக ஜெர்மனிக்கு வந்த ஒரு வேட்டைச் சிலந்தி, இன்று உலகெங்கும் கண்ணாடிக் குடில்களில் செஞ்சிலந்தியைக் கட்டுப்படுத்தப் பயன்படுகிறது.

மருந்து அடித்த மல்லிகை கூந்தலுக்குப் போகும். மிளகாய் குழம்புக்குப் போகும். நடைவழியில் தெளித்த மருந்து அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சிலும் கலக்கும். பூக்கும் காலத்தில் இது இன்னும் ஆபத்து. பூவைத் தேடிவரும் தேனீயும் மடியும்.

செய்ய வேண்டியது என்ன? நோய் கண்ட தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மோசமான இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி வீசிவிட வேண்டும். குளியலறைக்குக் கொண்டுபோய், இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஒரு முறை போதாது. வெப்பத்தில் முட்டைகள் மூன்று நாள்களில் பொரிந்துவிடும் என்பதால், மூன்று நாளுக்கு ஒரு முறையாக இரண்டு வாரம் கழுவ வேண்டும். தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். செடியைக் காப்பாற்றி ஏடிஸ் கொசுவை வளர்ப்பதில் பொருளில்லை.

அதற்கும் அடங்காவிட்டால், பறிக்கும் பருவத்து மொட்டுகளை முதலில் பறித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி மென்மையான சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் தெளித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. விரிந்த பூக்களில் படக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் செடி தேறாவிட்டால், அதை அகற்றி மற்றவற்றைக் காப்பதே அறிவுடைமை. ஒரு மல்லிகைத் தொட்டியை மறுபடியும் வாங்கலாம். பக்கத்து வீட்டாரின் நலத்தைக் கடையில் வாங்க முடியாது.