அழகு மானும் அடிக்காடும்



பாடியிலிருந்து பஸ் பிடித்து இந்தக் கல்லூரிக்கு வந்தவன் நான். வேலை கிடைத்ததோ அந்தமானில். அங்கே புள்ளிமான்களுக்கு பிஸ்கட் போட்டு மகிழ்ந்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அது அந்த மண்ணின் பிராணியே இல்லை என்று!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டது. அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ அங்கே ஏது? தீவுக்குத் தீவு நீந்திப் பரவி, முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்தது. அடிக்காடு அழிய, அதை நம்பிய ஓணான், பல்லிகளும் குறைந்தன. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் வேட்டைக்கென விட்ட முயல்களால் ஆஸ்திரேலியா பட்ட பாடும் இதே கதைதான்.

தம்பிகளா, வீட்டுத் தொட்டி மீன் அலுத்துப்போச்சுன்னு நம்ம கொரட்டூர் ஏரியில கொண்டுபோய் விட்டுடாதீங்க. விடறதுக்கு ஒரு நிமிஷம். திரும்பப் பிடிக்க ஒரு நூற்றாண்டும் போதலை.